சின்னசாமியின் பாஸ் மார்க்கு

தோலை மேஜைமேல் உதறி விரித்து, முதுகுத் தடத்தில் புறங்கையை ஒரு முறை ஓட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்து, "செகண்டு" என்கிறார் சின்னசாமி. எதிரே நிற்கும் பச்சையப்பன் அதை இழுத்து இரண்டாம் அடுக்கில் போடுவதற்குள் அடுத்த தோல் மேஜைக்கு வந்துவிடுகிறது. "ஃபஸ்ட்டு." அதற்கடுத்தது. கை நடுவழியில் நின்றுவிடுகிறது. "தேர்டு. தோல உரிடான்னா எவனோ கறிக்கு செதுக்கற மாதிரி செதுக்கி வெச்சிருக்கான்."

ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல்ஷாப்பில் சின்னசாமி தரம் பிரிக்கும் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, கடுக்காயில் குளித்து, எண்ணெய் தடவிக் காய்ந்த தோல் எதுவும் அவருடைய மேஜையைத் தாண்டாமல் கப்பலேறியதில்லை. ஆம்பூரில் அவர் சொன்னதுதான் லண்டனிலும் செல்லும். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபஸ்ட்டு, செகண்டு, தேர்டு, ரிஜெக்ஷன். வாழ்க்கையில் அதற்குமேல் ஒரு சொல் தேவைப்பட்டதாக அவர் நினைத்ததில்லை.

ஷாப்பை விட்டு வெளியே வந்த பிறகும் அவருடைய மேஜை அவர் கூடவே வரும். மனைவி மரியம்மாளின் குழம்பு, "செகண்டு, புளி ஜாஸ்தி." மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கம், "தேர்டு, ஆனா சத்தம் ஃபஸ்ட்டு." உறவுக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சபையிலேயே சொன்னார்: "ஒடம்பு ஃபஸ்ட்டு. பேச்சு தேர்டு. மொத்தத்துல செகண்டு. கட்டலாம்." கட்டினார்கள். இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாப்பிள்ளை மட்டும் சின்னசாமியைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்கிறார்.

மொத்தத்தில் என்பதுதான் அவருடைய வேதம். மாடு உயிரோடிருந்த நாளெல்லாம் தோலில் எழுதியிருக்கும்: உண்ணி கடித்தது, முள் கிழித்தது, வண்டிக்காரன் அடித்தது, நோய்க்குச் சூடு போட்டது. குறையே இல்லாத தோல் வேண்டுமென்றால் மாடு பிறக்காமலே இருக்க வேண்டும். ஆகவே இடம் பார்த்துக் கணக்குப் போடுவார். முதுகில் நகம் கீறியிருந்தாலும் கணக்கில் வரும். வயிற்றில் கத்தி வெட்டே இருந்தாலும் பாதி மன்னிப்பு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சொல் சொல்வார். ரிஜெக்ஷன் என்பது அபூர்வமாகத்தான் வரும். அதைச் சொல்லும்போது, துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஆரோக்கியமேரி. மிஷன் விடுதியில் தங்கி வேலூரில் இண்டர்மீடியட் படித்தவள். அந்தத் தெருவில் அவ்வளவு தூரம் படித்த பெண் வேறு கிடையாது, ஆணும் கிடையாது. அவளுக்கு மட்டும் சின்னசாமி எப்போதும் தரம் சொன்னதில்லை. ஏனென்று பச்சையப்பன் ஒரு நாள் கேட்டான். "தராசத் தூக்கித் தராசுலயே வெக்க முடியுமாடா?" என்றார். பச்சையப்பனுக்குப் புரியவில்லை. சொன்னவருக்கும் முழுதாகப் புரிந்ததா என்பது சந்தேகம்.

ஜூன் மாதம் பரீட்சை முடிவு வந்தது. பத்திரிகையில் மேரியின் எண் இல்லை. சில நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து மார்க்கு வந்தபோது விஷயம் தெரிந்தது: முதல் பாகமான இங்கிலீஷில் தேறிவிட்டாள், மூன்றாம் பாகமான விருப்பப் பாடங்களில் வெளுத்து வாங்கியிருக்கிறாள், போனது இரண்டாம் பாகம், தமிழ்.

"தமிழா?" என்றார் சின்னசாமி. "வூட்ல நாம பேசறது இன்னா, சீமை பாஷையா?"

"நாம பேசறத எழுதுனா அதுக்கும் மார்க்கு இல்ல நைனா," என்றாள் மேரி. மறுநாளே தமிழ்ப் பாடப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தாள். செப்டம்பரில் மறுபடி எழுதலாமே என்று விடுதி மதர் சொல்லி அனுப்பினார். "நா ரிஜெக்ஷன் மதர். ரிஜெக்ஷன எத்தினி வாட்டி மேஜைல போட்டாலும் ரிஜெக்ஷன்தான்," என்று பதில் போயிற்று. வீட்டுப் பாஷை அவளுக்கும் ஒட்டியிருந்தது. செப்டம்பர் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பீடியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் படித்த படிப்பு அந்த முறத்திலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

"மேரி அப்பா, நீங்க போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க," என்றாள் மரியம்மாள். "யாரு பிரிச்சாங்களோ அவங்களயே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தட்டிப் பார்த்து ஃபஸ்ட்டு என்று தாமே தேர்ந்தெடுத்த ஏலகிரிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு சின்னசாமி வேலூருக்குப் போனார். லாங் பஜார் நெரிசலில் பழத்தையும் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு, மேரியின் கல்லூரிக் கணக்கு வாத்தியார் கோதண்டராமனின் வீட்டைக் கண்டுபிடித்தார். வாத்தியார் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"எம் பொண்ணு மொத்தத்துல இன்னா சார்?"

"மொத்தத்துலன்னா? இங்கிலீஷ் அம்பத்தாறு. விருப்பப் பாடம் மூணும் எழுபத்தொண்ணு, அறுபத்தாறு, அறுபத்தஞ்சு. தமிழ்தான் முப்பத்திரண்டு. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு."

"எல்லாத்தயும் ஒண்ணா கொட்டி பங்கு போட்டா?"

கோதண்டராமனுக்கு இந்தக் கணக்குக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. "சராசரி அம்பத்தெட்டு."

"அது எந்த கிளாஸு?"

"செகண்ட் கிளாஸ்."

"அப்ப செகண்டுன்னு போட்டு அனுப்பிட்டா தீந்துச்சு. இதுல இன்னா சார் பேஜாரு?"

"அப்படியில்லைங்க. முதல்ல ஒவ்வொரு பாகத்துலயும் தேறணும். அப்புறம்தான் சராசரி. தேறாதவங்களுக்குச் சராசரியே கிடையாது."

சின்னசாமி பலாப்பழத்தை வாத்தியார் பக்கமாக நகர்த்தி வைத்தார். "எங்க ஷாப்புல வாங்கறவன் ஒத்துக்கலன்னா திருப்பிப் பிரிப்போம் சார். ரெண்டு கட்சியும் மேஜைக்கு ரெண்டு பக்கம் நிக்கும். ஒவ்வொண்ணா எடுத்து ஞாயம் பேசுவோம்."

"பல்கலைக்கழகம் மேஜைக்கு வராதுங்களே."

"சரி, அத வுடுங்க. வயித்துல பெரிய வெட்டு இருந்தா வயித்தயே வெட்டி எறிஞ்சிட்டு முதுக மட்டும் ஃபஸ்ட்டுன்னு அனுப்புவோம். அந்த மாதிரி தமிழ வெட்டிட்டா..."

கோதண்டராமன் சிரித்துவிட்டார். உடனே வருத்தப்பட்டவராக, நிதானமாக விளக்கினார்: தேறின பாகங்கள் எங்கும் போகாது, கைவசம் இருக்கும், தவறிய பாகத்தை மட்டும் செப்டம்பரில் எழுதினால் போதும், மேரி கெட்டிக்காரி, அவளை எழுதச் சொல்லுங்கள். சின்னசாமி தலையை ஆட்டினார். ஆனால் வாத்தியார் முன்பே சொன்ன 'ஒவ்வொரு பாகத்துலயும் தேறணும்' என்பதைத் தாண்டி அவர் காது வந்திருக்கவில்லை. ஒரு இடத்தில் குறைந்தால் மீதி எதுவும் செல்லாது. திரும்பி வரும் ரயிலில் அந்த ஒன்றுதான் அவரோடு உட்கார்ந்து வந்தது.

மறுநாள் காலை மேஜைக்கு வந்த முதல் தோல் நல்ல தோல். கழுத்தில் மட்டும் உண்ணி கடித்த இடம்.

"ரிஜெக்ஷன்," என்றார் சின்னசாமி.

பச்சையப்பன் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றான். "இன்னா அண்ணே, தூக்கம் கலையலியா?"

"போடுன்னா போடு."

அடுத்தது தொடையில் சூட்டுத் தழும்பு. ரிஜெக்ஷன். அதற்கடுத்தது வயிற்றில் வெட்டு. ரிஜெக்ஷன். உச்சிவேளைக்குள் ரிஜெக்ஷன் அடுக்கு பச்சையப்பனின் மார்பளவுக்கு வந்துவிட்டது. முதலடுக்கில் நாலைந்து தோல்கள் தனிமையில் கிடந்தன. "அண்ணே, இதே மாதிரி மனுசங்கள பிரிச்சா ஊர்ல ஒருத்தன் தேறமாட்டான்," என்று சொல்லிப் பார்த்தான் பச்சையப்பன். அடுத்த தோலும் ரிஜெக்ஷன் ஆயிற்று. அவன் போய் முதலாளியை அழைத்து வந்தான்.

மக்பூல் சாயபு அடுக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மேலே கிடந்த தோலைத் தூக்கிப் பார்த்தார். "அரே சின்னசாமி! இன்னாப்பா இது? ஜில்லாவுல இருக்கற மாடெல்லாம் ஒரே ராத்திரியில கெட்டுப் போச்சா?"

"யுனிவர்சிட்டி ரூலு மொதலாளி. ஒவ்வொரு பாகத்துலயும் தேறணும். ஒண்ணுல கம்மியா இருந்தா மொத்தமும் செல்லாது."

முதலாளிக்கு விஷயம் தெரியும்; ஊருக்கே தெரியும். கோபமாக வந்தவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்றேன். ஷாப்ப மூடிட்டு நானும் ஒரு காலேஜ் தொறந்துடறேன். அங்கதான் எத்தினி ரிஜெக்ஷன் போட்டாலும் நஷ்டம் இல்ல." பிறகு குரலை இறக்கி, "பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தயும் திருப்பிப் பிரி," என்றார்.

"திருப்பிப் பிரிக்கணும்னா எதிர்க்கட்சி வேணுமே மொதலாளி. யாரு நிக்கறது?"

அந்த நேரத்துக்குத்தான் மேரி தூக்குச் சட்டியில் அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்து வாசலில் நின்றாள். சாயபு திரும்பிப் பார்த்தார். "இதோ, பாப்பா நிக்கட்டும். வாதாட படிச்ச புள்ள." சொல்லிவிட்டு, பச்சையப்பனையும் ஏதோ வேலை சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேரி சட்டியைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்தாள். ரிஜெக்ஷன் அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்து விரித்தாள்.

"இதுல இன்னா குறை?"

"கழுத்துல உண்ணி."

"முதுகு?"

"முதுகு கண்ணாடியாட்டம் இருக்குது."

"அப்ப ஏன் இங்க போட்ட?"

சின்னசாமி தோலைப் பார்த்தார். "செகண்டு," என்றார்.

அடுத்தது சூட்டுத் தழும்பு. "யாரோ சூடு போட்டா மாடு இன்னா பண்ணும்?" என்றாள். அதுவும் செகண்டு ஆயிற்று. அடுத்தது, அதற்கடுத்தது. அடுக்கு இறங்க இறங்க மேஸ்திரியின் குரல் இளகிக்கொண்டே வந்தது. கிழிசலும் வெட்டுமாக ஒரு தோல் வந்தபோது அதையும் தடவிக்கொடுத்து, "செகண்டு" என்றார்.

"இல்ல நைனா. இது தேர்டு."

"பாவம், முதுகு கொஞ்சம்..."

"முதுகுலயே வெட்டு இருக்குது. எரக்கப்பட்டு தூக்காத." மேரி தோலைத் தானே இழுத்து மூன்றாம் அடுக்கில் போட்டாள். அதன் மேலேயே கை வைத்தபடி நின்றாள். "என்ன யாரும் ஏமாத்தல. அந்தத் தமிழ் பேப்பர்ல நா எழுதுனது தப்புதான். முப்பத்திரண்டே ஜாஸ்தி."

"உன்ன ரிஜெக்ஷன்ல போட்டானுங்களேம்மா."

"அவங்க போடல. நானேதான் போய் வுழுந்தேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்ததுபோல் இருந்தது. "ரெண்டு பாகம் கையில இருக்குது. ஒண்ணுதான் பாக்கி. தோலுக்கு ஒரு வாட்டி வெட்டு வுழுந்தா வுழுந்ததுதான். எனக்கு செப்டம்பர் இருக்குது."

"அத மட்டும் எழுதுனா போதுமா?"

"வாத்தியாரு சொல்லலியா?"

"சொன்னாரு. நாந்தான் பாதியோட நிறுத்திக்கினேன்."

மேரி சிரித்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் பார்க்கவில்லை. "வூட்டுக்கு போனதும் பூவம்மா கிட்டேருந்து புக்க வாங்கணும். ஆனா ஒண்ணு நைனா. தனியா எழுதி தேறினா கிளாஸு போடமாட்டாங்க. ஃபஸ்ட்டும் இல்ல, செகண்டும் இல்ல. வெறும் பாஸு."

தரம் இல்லாமல் ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியும் என்பது சின்னசாமிக்குப் புதிய செய்தி. அவர் அதை யோசித்துக்கொண்டே கடைசித் தோலையும் பிரித்து முடித்தார். மகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவள் நிற்கிற நிலையில் தெரிந்தது. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார். பிரித்து அடுக்கிய தோலின் மேல் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் சாய்ந்தாலே சீறி விழுகிற மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி முதல் தர அடுக்கின்மேல் விரித்தார். சுருக்கத்தைப் புறங்கையால் நீவிவிட்டு, இங்கே உட்கார் என்று மகளுக்கு அதைத் தட்டிக் காட்டினார்.