என் கையில் கேட்ட வளைச் சத்தம்

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. குறிப்பேட்டில் அன்றைக்கு இரண்டே வரிகள்: "மாலை 5.15. மகளின் குறும்படம் வீட்டில் பார்த்தோம், நீளம் 11 நிமிடம் 40 விநாடி." அதன் கீழே பென்சிலால் பிறகு சேர்த்தது: "4.12-இல் வளை."

அந்தப் பென்சில் வரி அடுத்த ஒன்பது நாட்கள் என்னை விடவில்லை.

மகள் சினிமா படிக்கிறாள். கடைசி வருடப் படத்துக்குக் கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொண்டாள். அடுப்பு எரிகிறது, காய் நறுக்கப்படுகிறது, அவள் அம்மா குளித்துப் புடவை கட்டி நெடுமங்காட்டிலுள்ள வங்கிக் கிளைக்குப் பஸ் ஏறுகிறாள். அவ்வளவுதான். வசனம் கிடையாது. அடுத்த ஞாயிறு, இருபதாம் தேதி, எங்கள் தெருப் பொது ஹாலில் திரையிடுவதாக ஏற்பாடு. தெருவில் இருக்கிற எல்லோரும் வருவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீட்டில் சமைப்பது நான்.

ஆறு வருடம் முன்பு நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். அதே மாதம் மனைவிக்குப் பதவி உயர்வும் தொலைதூரக் கிளையும் வந்தன. நான் அடுப்படிக்குப் போனதற்கு வேறு தத்துவம் எதுவும் இல்லை. போன முதல் வாரம், கோயில் வாசலில், எதிர்வீட்டு மாமா நாலு பேர் நடுவில் கேட்டார்.

"என்ன ஓய், ஆத்துல தேஹண்டம் ஆரம்பிச்சாச்சாமே? மாமி சம்பளம் தராளா, இல்லே சாப்பாடு மாத்திரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேஹண்டம் என்றால் விருந்துச் சமையல். எங்களவர்களில் கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்குச் சமைப்பது ஆண்கள்தான்; பெரிய தேஹண்டக்காரர் வந்தால் பெண்ணின் அப்பாவே எழுந்து நிற்பார். அதே ஆண் தன் வீட்டில் மூன்று பேருக்குக் குழம்பு வைத்தால் தெருவுக்குச் சிரிப்பு. இதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், வாதாடவும் தெரியும். அன்றைக்கு வாதாடவில்லை. "அதெல்லாம் இல்லை, சும்மா காய் நறுக்கித் தருவேன்" என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆறு வருடம் ஆயிற்று. அடுக்களைப் பின்ஜன்னலைச் சாத்தி வைத்தேன். காலையில் யார் கதவைத் தட்டினாலும் கையைத் துடைத்து, செய்தித்தாளை எடுத்துக்கொண்டுதான் போய்த் திறப்பேன்.

எனவே மகள் கேமராவோடு வந்தபோது நிபந்தனை போட்டேன். "கை வேணும்னா எடுத்துக்கோ. மணிக்கட்டுக்கு மேல வரப்படாது. யார் கைன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது, காலேஜிலயும்தான்."

"சத்தியம்பா," என்றாள். "பின்னே உங்க மூஞ்சி படத்துலயே வேண்டாமா?"

"ஹால்ல உக்காந்து பேப்பர் படிக்கறேன். அதை எடு."

எடுத்தாள். சத்தியத்தையும் காப்பாற்றினாள். அதுதான் வினையாயிற்று.

சனிக்கிழமை லேப்டாப்பில் படம் ஓடியது. நன்றாகத்தான் தொடங்கியது. பின்ஜன்னல் இடுக்கில் வரும் வெளிச்சம், எரிசேரிக் கூட்டுக்கான பூசணிக்காய், கத்தி, இரண்டு கைகள். கேமரா அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் அவை என் கைகள் என்று எனக்கே உறைக்கவில்லை. பிறகு நான்கு நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் அந்தக் கை தேங்காய்த் துருவலை வாணலியில் கொட்டித் திருப்பியது. கிணுகிணு என்று கண்ணாடி வளைகள் உரசிக்கொண்டன.

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

குக்கர் மூடி திருகப்பட்டது. ஆவி. உடனே வெட்டு: பஸ் ஜன்னலில் மனைவியின் முகம், நெற்றியோரம் வியர்வை. அதை அடுத்து நான். ஹாலில், தூரத்தில், நாற்காலியில் முழு உருவமாக, கால் மேல் கால் போட்டு. சுற்றிலும் அமைதி, பக்கம் திருப்பும் சத்தம் மட்டும்.

படம் முடிந்ததும் மனைவிதான் முதலில் பேசினாள். "அந்த வளை யாருது?"

மகள் முழித்தாள். "சவுண்ட் பண்ணினவ சேர்த்திருக்கா. நானே இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"நான் ஒரு கையில வாட்ச், ஒரு கையில ஒத்தை வளை. ஒத்தை வளை எங்கேர்ந்து சத்தம் போடும்? உங்கப்பா கையில ஒண்ணும் கிடையாது. இந்த ஆத்துல யாருக்கும் இல்லாத வளை அது." என் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, அடுத்தாத்து மாமி ஆறு வருஷமா என்கிட்ட எரிசேரிக்குத் தேங்கா எந்தப் பதத்துல வறுக்கறேன்னு கேட்டிண்டிருக்கா. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிண்டிருக்கேன். நான் சொன்ன மாதிரி பண்ணி ரெண்டு தரம் கருக்கிட்டா. இனிமே சினிமாவும் எனக்குப் பொய்ச்சாட்சி சொல்லப் போறது."

"அதுல உனக்கென்ன நஷ்டம்? பெருமைதானே?"

"எனக்கு வேண்டாம் அந்தப் பெருமை. ராத்திரி ஏழு மணிக்கு வந்து காபிக்குக் கை நீட்டறவ நான். ஞாயத்துக்கிழமை அத்தனை பேர் முன்னால நான் எப்படி உக்காருவேன்? நீங்க பேப்பரைத் தூக்கிண்டு கதவைத் தொறக்கறதை நான் பாத்துண்டேதான் இருக்கேன். நான் ஒண்ணும் சொல்லலை. இது வேற."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் உயர்த்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதினேன். கவலை வந்தால் பட்டியல் போடுவது என் சுபாவம். இரண்டு படத்துண்டுகளை ஒட்டினால் பார்ப்பவர் மனதில் மூன்றாவதாக ஒன்று உண்டாகும் என்று புத்தகங்களில் அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். அது என் அடுக்களையில் உண்டாகும் என்று எதிர்பார்த்ததில்லை. சமைக்கும் கை கிட்டத்தில், மஞ்சள் வெளிச்சத்தில், முகமில்லாமல் இருந்தது. படிக்கும் ஆள் தள்ளி, தலை முதல் கால் வரை முழுசாக இருந்தார். ஆளைச் சுற்றி அமைதி. கையைச் சுற்றி வளை, விசில், கரண்டி. அடுத்து முகம் காட்டும் பெண் அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வசனம்கூட அதில் இல்லை.

திங்கட்கிழமை மகளோடு பூஜப்புரையில் அந்த ஒலிப்பதிவுப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன அறை, ஜன்னலை மறைத்து மெத்தைகள். குட்டை முடி. அவள் கையில் ஒரு கறுப்புக் கயிறு தவிர ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே பார்த்துக்கொண்டேன்.

"வளையோ? அது என்டெ அம்மயுடெ வளையாணு அங்கிளே," என்று மலையாளத்தில் உற்சாகமாகச் சொன்னாள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வெறும் வாணலியில் கரண்டியைப் போட்டுத் திருப்பச் சொல்லி எடுத்தாளாம். வளை இல்லாவிட்டால் வெறும் கை, யாருடையதென்று பார்ப்பவர்கள் யோசிப்பார்கள். வளை கேட்டால் யோசிக்க மாட்டார்களாம்.

"நீ வளை போடறதில்லையே?" என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்துச் சிரித்தாள். "ஞான் குக் செய்யாறில்லல்லோ." அவளுக்குச் சமைக்கிற வழக்கமே இல்லையாம்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "அது எங்கப்பாவோட கை," என்றாள் அவளிடம்.

"அய்யோ!" அந்தப் பெண் என் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்தேன். அவள் அவசரமாகக் கணினியில் எதையோ தேடினாள். "அப்போ அது அங்கிளின்டெ சப்தமாணோ? ஞான் நாய்ஸ் என்னு கருதி கட் செய்தது..."

அசல் பதிவை ஓடவிட்டாள். அடுப்பின் உஸ். குக்கர் மூடியைத் திருகும் சத்தம். பிறகு, தெளிவாக, மூக்கடைத்த என் குரல்: "ஆறு நாப்பது."

எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. குக்கர் வைக்கும்போது மணியை வாய்விட்டுச் சொல்வேன். சொன்னால்தான் குறிப்பேட்டில் எழுத நினைவிருக்கும். பெண்ணின் கை என்று முடிவு செய்தபிறகு அந்த ஆண்குரல் அவளுக்கு வெறும் இரைச்சலாகிவிட்டது. நறுக்கித் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சவுண்டை முடிக்கணும்ப்பா," என்றாள் மகள், திரும்பும் வழியில் பஸ்ஸில். "உங்களுக்குப் பண்ணின சத்தியத்தை நான் மீற மாட்டேன். நீங்க சொல்லாம மாத்த மாட்டேன். ஆனா வளையோட அந்தப் படத்துல என் பேர் போட்டுக்க எனக்கு மனசில்லை."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எதிர்வீட்டு மாமா எதிர்ப்படும் போதெல்லாம் வேறு சந்தில் திரும்பினேன். அந்த "ஆறு நாப்பது" ஹாலில் ஒலித்தால் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது. பூணூல் கல்யாணத்திலிருந்து சஷ்டியப்தபூர்த்தி வரை யார் வீட்டில் என்ன நடந்தாலும் "முகூர்த்தம் சரியா எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான். வளையை எடுத்துவிட்டுக் குரலையும் போடாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். அப்போதும் அடுத்து வருவது மனைவியின் முகம்தான். கை அவளிடமே போய்ச் சேரும்.

புதன் மாலை, எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்காதா என்று பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். ஆறு வருடம், ஒரு நாள் விடாமல் இருந்தது. "குக்கர் 6.40. எரிசேரி, மிளகு ரசம்." "குக்கர் 6.35. புளிங்கறி, உப்பு அதிகம்." பால்காரர் தாமதம், மின்தடை, விருந்தாளி எத்தனை பேர், எல்லாம் விடாமல். சமைத்தது யார் என்று ஓர் இடத்திலும் இல்லை. நாளை யாராவது இதைப் படித்தால் அவர்களாகவே ஒரு வளையைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒலிப்பதிவுப் பெண்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக என்மேல் வந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

வியாழன் காலை, மலையாள மாதம் கர்க்கடகம் ஒன்று, நல்ல மழை. மகள் குடையை எடுக்கும்போது சொன்னேன். "வளையை எடுத்துடு. அங்கே மொதல்ல என்ன இருந்ததோ, அதை வை."

"உங்க குரலா?"

"ஆமாம்."

"மூஞ்சி?"

"மூஞ்சி வேண்டாம். அப்புறம், அந்தப் பேப்பர் ஷாட்டையும் எடுத்துடேன்."

"அதை எடுக்க மாட்டேன்," என்றாள். "நீங்க போஸ் குடுத்தது நெஜம்தானேப்பா. அது இருக்கட்டும்."

மனைவி உள்ளே புடவையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது, வழக்கமில்லாத வழக்கமாக, "இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஹாலில் நாற்பத்தேழு பேர். நான் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில், கதவோரம். மனைவி முதல் வரிசையில் அடுத்தாத்து மாமியோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு நிமிடம் நெருங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருட்டில் முள் தெரியவில்லை. வாணலியில் தேங்காய் விழுந்தது. வளை இல்லை. வெறும் கரண்டி. குக்கர் மூடி.

"ஆறு நாப்பது."

ஸ்பீக்கரில் அது ஒரு ரயில் நிலைய அறிவிப்பு போல விழுந்தது. யாரோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. எதிர்வீட்டு மாமாவின் வழுக்கைத் தலை மெதுவாகப் பின்னால் திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, என்னிடம் வந்து நின்றது. நான் செருப்புகளைப் பார்த்தேன். அடுத்து திரையில் மனைவியின் முகம். பிறகு செய்தித்தாளோடு நான். இந்த முறை ஹாலில் பலர் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு எந்த வகை என்று இன்றும் என்னால் பிரித்து எழுத முடியவில்லை.

விளக்கு போட்டபிறகு கைதட்டினார்கள். மகளைச் சுற்றிக் கூட்டம். என்னிடம் ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டு மாமா காபி டம்ளரோடு என்னைக் கடந்து போனார். வாயைத் திறந்தார், பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்ததால் காபியைக் குடித்தார். அவர் கேலி செய்திருந்தால் தேவலை. வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம், "மாமி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. தொடையில ஒரு கிள்ளு கிள்ளினா, அவ்வளவுதான்."

அது என்ன கிள்ளு என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் திங்கள், ஜூலை இருபத்தொன்று. அரிசி களைந்து, பருப்பு வைத்து, மூடியைத் திருகினேன். கடிகாரத்தில் ஆறு நாற்பது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். நேற்றுக் கேட்ட அந்தக் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பழைய சுவர், கனமானது, அதைத் தாண்டி ஒன்றும் கேட்காது என்றே ஆறு வருடமாக நம்பியிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. பிறகு அடுத்தாத்து மாமியின் குரல், அடுக்களையில் என் பக்கத்தில் நிற்பது போல:

"என்ன, இன்னிக்கு அங்கே மணி ஆகலையா? நான் ரசத்துக்குப் புளி கரைக்கணும். அதைக் கேட்டுத்தானே தெனமும் கரைக்கறேன்!"

கையிலிருந்த துணியை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆறு நாப்பத்தி மூணு, மாமி," என்றேன்.

"செரி. தேங்கா எந்தப் பதத்துல வறுக்கணும்னு சாவகாசமா வந்து கேக்கறேன். பேப்பரைத் தேடிண்டு நிக்காதேயும்."