தூக்குவாளி மாட்டிய நாவல் மரம்

வீட்டில் கீரை வேகும் வாசம் வந்தால் போதும், நான் பழனிசெட்டிபட்டியில் இருக்கமாட்டேன். போடிக்கு மேலே, ஏலத்தோட்டத்துப் பள்ளத்தில் நிற்பேன். உறைபனி விழுந்த இலைமேல் வெயில் ஏறினால் இதே வாசம்தான். அடுப்பே இல்லாமல் ஒரு சரிவு முழுக்க வெந்துகொண்டிருக்கும்.

அங்கே நான் அப்போது சூப்பர்வைசர். தினமும் போடியிலிருந்து பெண்களை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவது பாதி வேலை. போகிற வழியெல்லாம் அவர்கள் பேச்சுக்கு ஈடுகொடுப்பது மீதி வேலை.

மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வோம். ஏலத்துக்கு வெளிச்சம் இறங்கட்டும் என்று கிளைகளைக் கழிப்பது. அந்த வருடம் மொதலாளி தாராளமாகவே கழிக்கச் சொன்னார். பள்ளத்தில் பரந்து நின்ற நாவல் மரத்தில் ஆள் ஏறியதும், ஜீப்பில் வரும் பெண்களுக்கெல்லாம் மூத்த பேச்சியக்கா குறுக்கே வந்து நின்றது.

"மொதலாளி, அதுல மட்டும் கை வச்சிராதீக. எங்க தூக்குவாளியெல்லாம் எங்கன மாட்டுறது? கீழ வச்சா நாங்க திங்கிறதுக்கு முந்தி அட்டை ஏறிரும்."

"ஆத்தா, ஏலக்காய் காய்க்கத்தான் தோட்டம் போட்டேன். தூக்குவாளி காய்க்கவா போட்டேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மரம் தப்பியது.

பிறகு அந்த நிழலில் உட்கார்ந்துதான் பெண்கள் பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஏல நாற்று வைத்தார்கள். நாற்றும் அங்கேயே வளர்ந்தது. "பொங்கல் முடிஞ்சதும் எல்லாத்தையும் வெளிச்சத்துக்கு மாத்திரணும்" என்றார் மொதலாளி. மேல்சரிவில் புது நடவுக்கு இருந்தது அந்த நாற்று மட்டும்தான். நடவு இல்லையென்றால் பேச்சியக்கா கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த வருடம் வேலை கிடையாது.

பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது பனி. காலையில் ஜீப்பை விட்டு இறங்கிய பேச்சியக்கா, "அடியே, எவளோ உப்பு மூட்டையக் கொட்டிட்டுப் போயிட்டா!" என்றது. யாரும் சிரிக்கவில்லை. புல், செடி, பாதை, எல்லாம் வெள்ளை. வெயில் பட்டது, வெள்ளை உருகியது, இலை கருத்தது. அந்த வாசம் எழுந்தது. நாற்று! நான் பள்ளத்துக்கு ஓடினேன். மப்ளர் அவிழ அவிழ மொதலாளியும் பின்னாலேயே.

நாவல் மரத்தடியில் மட்டும் வட்டமாகப் பச்சை.

மேகமில்லாத ராத்திரியில் மண் தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிடும். மேலே இலைக்கூரை இருந்தால் கொஞ்சம் தங்கும். மழையில் சரிவைப் பிடித்து நிறுத்தும் வேரை எனக்கு முன்னமே தெரியும். பனிக்கு மூடி போடும் கிளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மொதலாளி குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாகத் தொட்டுப் பார்த்தார். பேச்சியக்கா நிதானமாகத் தூக்குவாளியைக் கிளையில் மாட்டியது. "என்ன மொதலாளி, பொங்கல் முடிஞ்சதும் வெளிச்சத்துக்கு மாத்திருவமா?"

அவர் மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாற்றுக்கு நகர்ந்தார்.

சாயங்காலம் பெண்கள் ஏறியதும் ஜீப்பின் பின்கதவை அவரே சாத்தினார். வண்டி நகரும்போது சொன்னார்:

"ஆத்தா, அடுத்த கவாத்துக்கு ஆளுக்கு ரெண்டு தூக்குவாளி கொண்டாங்க. எல்லாத்தையும் ஒரே மரத்துல மாட்டாதீக, மரத்துக்கு ஒண்ணா மாட்டுங்க."