கழுத்தளவு

காவிரியில் புதுத்தண்ணீர் வந்த காலை அது. திருவையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நிஷா மேடத்தின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க சார். தூக்கத்துலயே உயிர் போயிருக்கு..." கீழே ஆறு நுரையும் பூவுமாக, சத்தமே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

நீடாமங்கலத்து ரஹ்மத்நிஷா, தஞ்சாவூரில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தின் தரவுத்தளத்தைக் கவனித்துவந்தவர். வாய்க்கால் மதகுகளில் இருப்பவர்கள் கைபேசியில் அனுப்பும் நீர்மட்டம் எங்களிடம் வந்து சேரும். அளவை எழுதும் ஒரே கட்டத்துக்குள் எண்ணும் வரும், எழுத்தும் வரும், சிலநேரம் எதுவும் வராது. கணக்குப் போடும் முன் ஒவ்வொன்றும் என்ன வகை என்று பார்க்க அவர் ஒரு க்வெரி ஓட்டுவார்; தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி அது. எனக்கோ அதற்குள் கால் தரிக்காது. "அரிசியில கல்லு பாக்காம உலையில போடுவீங்களா?" என்று சிரிப்பார்.

ஒரு கார்த்திகை மழையில், வரைபடத்தில் குத்தாலம் பக்கத்து மதகு ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. "அங்க ஒன்னுமில்ல போலிருக்கு மேடம்" என்றேன்.

"காலியா தெரிஞ்சா தண்ணி இல்லன்னு அர்த்தமா? இருங்க, என்ன வகைன்னு கேப்போம்."

எழுத்து என்று வந்தது. எண்ணாக மாற்ற முடியாமல் கணினி ஒதுக்கிவிட்ட அந்த எழுத்தை எடுத்துப் பார்த்தார்: 'கழுத்தளவு'.

"அளவுகோல் முங்கிடுச்சு. மனுசன் உள்ள இறங்கிப் பாத்திருக்காருங்க!" என்றபடியே மதகு பார்க்கும் மாரிமுத்துவை அழைத்தார், பிறகு அதிகாரிகளை அழைத்தார். கரை உடையும் முன் தாழ்வான இடத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். பச்சைக் குழந்தைகள் இருந்த தெரு அது.

இனி எண் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "அவருக்குத் தெரிஞ்சத எழுதட்டும். நாம படிச்சுக்குவோம்" என்றார்.

அடக்கம் முடிந்து மாலையில் அலுவலகம் வந்தேன். அவருடைய நாற்காலியில் வெயில் சாய்ந்து கிடந்தது. அன்றைய நீர்மட்டங்கள் வந்திருந்தன. கை தானாகவே அவருடைய க்வெரியை ஓட்டியது. எண், எண், எண் என்று வந்த வரிசையில் ஒன்று மட்டும் எழுத்து. மாரிமுத்துவின் மதகு.

'இன்னைக்கு அளவு பாக்கல. நிஷாம்மா மொகத்த பாக்கப் போறேன்.'

அதை நான் எண்ணாக மாற்றவில்லை. போய் வாருங்கள், மேடம். படித்துவிட்டேன்.