சிவப்புப் பென்சிலின் கூர்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் நான் கடதாசிக் கடை வைத்திருந்தபோது, காணி அளக்கும் சேவையர் ஒருவர் வருவார். வெயிலில் கறுத்த முகம், காதில் முனை மிருதுவான சிவப்புப் பென்சில். அதைச் சீவிப் பார்க்காமல் எந்தப் பென்சில் சீவியையும் வாங்கமாட்டார். ஒருநாள் நாலு சீவியிலும் கூர் முறிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு கோடு கீற ஏன் ஐயா இவ்வளவு கூர்?”

அவர் மொட்டைப் பென்சிலால் என் மேசைக் கடதாசியில் அழுத்திக் கீறினார். “படத்திலை எல்லையை இந்த மொத்தத்துக்கு, இவ்வளவு தடிப்பாய்க் கீறினால், காணியிலை இதுக்குள்ளை ஒரு பனை நிக்கும். அது ஆருடைய பனையெண்டு சகோதரங்கள் வெட்டுப்படுவினம். விளங்குதோ?”

ஐந்தாவது சீவியோடு போய்விட்டார்.

வீட்டில் எங்கள் காணிப் படத்தை விரித்தேன். எல்லைக் கோடு ஈர்க்கு மொத்தம். எல்லைப் பனைக்காக அண்ணையும் நானும் கதைக்காமல் விட்டு ஏழு வருஷம்.