மேல்தாடையில் எத்தனை பல்?

இலுப்பூருக்கு வடக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி, இருபத்திரண்டு வெள்ளாடுகளோடு மல்லுக்கட்டும் செவந்திக்கு ஒரு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது. கண்ணை முகத்தில் வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் பேசுகிறவர்கள். அப்படி ஒருத்தன் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். கணவன் மலையாண்டி. கழிச்சல் கண்ட குட்டிக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று போன் வீடியோவில் பார்த்துவிட்டு, பாட்டிலோடு தொழுவத்துக்குள் நுழைந்தவன்.

"வீடியோவுல சொன்னவன் ஆடு வளக்குறானா, வாய வளக்குறானா?" என்று பாட்டிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

விஞ்ஞானத்தோடு அவளுக்கு ஒரு சண்டையும் கிடையாது. தடுப்பூசி போடும் நாளில் வரிசையில் முதலில் நிற்பது அவள் ஆடுகள்தான். ஊசி போட்டால் சினை நிற்காது என்று ஒரு கூட்டம் கிளப்பிவிட்டபோது, சினையாய் இருந்த நாலு ஆட்டையும் தெருவில் ஓட்டி வந்து, "வயித்தப் பாருங்கடா, அப்பறம் பேசுங்க" என்றாள். மழை வரும் என்று போன் சொன்னால் நம்புவாள். வராவிட்டால் போனைத் திட்டுவாள். அதற்குமேல் அதோடு வம்பு வளர்க்க மாட்டாள்.

மகள் இளமதியையும் அப்படித்தான் வளர்த்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண், ஆட்டின் உதட்டைத் தூக்கிப் பார்த்து ரெண்டு பல்லா நாலு பல்லா என்று வயசு சொல்லிவிடும். கிழட்டு ஆடு என்று விலையை அமுக்கப் பார்த்த வியாபாரிக்கே வாயைத் திறந்து காட்டி அசடு வழிய வைத்த பிள்ளை. செவந்திக்கு அதில் பெருமை தாங்காது.

அந்தப் பிள்ளைதான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து இறங்கி, பையை ஒரு மூலையில் வீசியது.

"எல்லாம் ஒன்னாலதாம்மா."

"நான் என்னடி பண்ணேன்?"

பள்ளியில் கொடுத்த டேப்லெட்டில் அறிவியல் பரீட்சை வைத்தார்களாம். ஆட்டின் மேல்தாடையில் முன்பற்கள் எத்தனை என்று ஒரு கேள்வி. இளமதி 'ஒன்றுமில்லை' என்பதைத் தொட்டிருக்கிறாள். சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. எட்டு என்பதுதான் சரியாம்.

"ஆடு வளக்குற வீட்டுப் புள்ளைக்கே தெரியலன்னு எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

"கீழதான்டி எட்டு. மேல வெறும் ஈறு. நீ வெரல விட்டுப் பாத்ததில்லையா?"

"பாத்தேன். ஆனா அவங்கல்லாம் படிச்சவங்கம்மா."

செவந்தி மூலையில் கிடந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். மார்க் போனால் மயிரே போச்சு. தொட்டுப் பார்த்ததையே பிள்ளை நம்பாமல் போய்விட்டால் அதற்கப்புறம் என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் காலை, இருப்பதிலேயே சாதுவான ஆடு ஒன்றை அவிழ்த்தாள். "ஒத்த மார்க்குக்கு ஆட்டத் தூக்கிட்டுப் போறியே, மானத்த வாங்காத" என்று மலையாண்டி குறுக்கே நின்றான். அவனைத் தள்ளிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "ஆடெல்லாம் உள்ள விடக்கூடாதும்மா."

"பொஸ்தகத்துல மட்டும் விடலாமாக்கும்? அறிவியல் வாத்தியாரக் கூப்புடுங்க."

அறிவியல் ஆசிரியர் அரவிந்த்குமார் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆட்டைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார். செவந்தி அதன் மேலுதட்டைத் தூக்கினாள்.

"முன்னால வெரல வச்சுப் பாருங்க சார்."

"கடிச்சிருமாங்க?"

"மேல பல்லே இல்லங்கிறேன். எதவச்சுக் கடிக்கும்?"

தொட்டார். இன்னொரு தரமும் தொட்டார். முகம் மாறிவிட்டது. "நீங்க சொல்றதுதாங்க சரி. நானும் இதுவரைக்கும் பாத்ததில்ல."

"அப்ப எம் புள்ளைக்கு மார்க்கப் போடுங்க."

"அது முடியாதுங்களே. கேள்வி, பதில் எல்லாம் அந்த டேப்லெட் கம்பெனியிலேருந்து வருது. எங்க கையில ஒன்னும் இல்லங்க. மெயில் வேணா போடுறேன்."

"ஆட்டு வாயி ஒங்க கையிலதான சார் இருக்கு!" என்று கத்தினாள் செவந்தி. ஜன்னல்களில் பிள்ளைகளின் தலை முளைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் நல்லவர். ஏழாம் வகுப்பை அப்போதே வெளியே வரவழைத்து, ஒவ்வொரு பிள்ளையாக ஆட்டின் ஈற்றைத் தொட்டுப் பார்க்க வைத்தார். இளமதி சொன்னதுதான் சரி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று சாயங்காலம் பிள்ளை வேனிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியது. தீர்ந்தது வழக்கு என்று செவந்தி புல்லறுக்கப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் பரீட்சை. மார்க் மலையாண்டியின் போனுக்கு வந்தது. நாற்பதுக்கு நாற்பது.

"அந்தப் பல்லுக் கேள்வி வரலையாடி?" என்று கேட்டாள் செவந்தி.

"வந்துச்சும்மா. அதே கேள்விதான், மாத்தல."

"என்ன போட்ட?"

"எட்டு."

"மேல எத்தன இருக்கு?"

"ஒன்னும் இல்ல." வீட்டுப்பாடத்திலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி அப்படிப் போட்ட?"

"ஒன்னும் இல்லங்கிறது ஆட்டுக்கும்மா. எட்டு பரிச்சைக்கு."

செவந்திக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. வாசலில் மலையாண்டி, போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி நாற்பதுக்கு நாற்பதைக் காட்டிக்கொண்டிருந்தான்.