படகுக்குப் பத்து வருடத் துணி

மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டு டிரைவ்வேயை ஒரு படகு அடைத்துக்கொண்டு நிற்கிறது. என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்தக் கதைதான். பிடித்த மீன்களைவிட வாங்கிய தூண்டில்கள் அதிகம்.

அதை மூடியிருந்த பழைய உறை காற்றில் கிழிந்த வாரம்தான் அவருடைய வயிற்று ஸ்கேன் முடிவும் வந்தது. மருத்துவமனைக்குத் தனியாகப் போய்வந்து, "பெருசா ஒண்ணுமில்ல, மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார். நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பக்கத்தில் இருக்கும் பென்ரோஸில் படகு உறை தைக்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு துணிகளை மேசையில் விரித்தார்.

"இது பிளாஸ்டிக் பூசினது அண்ணை. ஒரு சொட்டுத் தண்ணியும் உள்ள போகாது. ஆனா உள்ள இருக்கிற ஈரமும் வெளியில வராது, பூஞ்சணம் பிடிச்சிடும். ரெண்டு வருசம் தாங்கினாப் பெரிசு. மற்றது அக்ரிலிக் நூல்ல நெய்தது. மழைத்தண்ணி இறங்காது, காத்து மட்டும் உள்ள போய் வரும், இந்த வெயிலுக்கும் நிண்டு பிடிக்கும். பத்து வருசம் வாரண்டி."

என் கணவர் வாரண்டிப் பைத்தியம். டோஸ்டர் வாங்கப் போனாலும் கடைக்காரரை அரைமணி நேரம் குடைவார். அதனால் துணி முடிவாகிவிட்டது என்று நினைத்து நான் நிறம் பார்க்கப் போனேன்.

"வெள்ளை எடுங்கோ அக்கா, சூடு பிடிக்காது."

எனக்குச் சுருக்கென்றது. "வாசல்ல வெள்ளையைப் போர்த்திக் கிடத்தச் சொல்றீங்களா? வேற காட்டுங்க."

"ஓம் ஓம், நீலமும் இருக்கு" என்று அவர் அவசரமாக வேறு துண்டுகளை எடுத்துப் போட்டார்.

நான் இப்படிச் சகுனம் பார்த்தால் என் கணவர் விடமாட்டார். நாள் முழுக்கக் கிண்டல்தான். அன்றோ, பிளாஸ்டிக் துணியின் மேல் கையை வைத்து, "இது போதும்" என்றார்.

"ரெண்டு வருஷம்தான் வரும்ங்கிறாரே?"

"போதும்மா. வாங்குறவன் அவனுக்குப் பிடிச்சதைப் போட்டுப்பான்."

"யாரு வாங்குறவன்?"

அவர் துணியின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். கடைக்காரர் அளவு டேப்பை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. டாக்டர் சொன்னதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு, படகை விற்பதுவரை யோசித்து வைத்துவிட்டு, என்னிடம் மாத்திரை என்கிறார்.

"என்ன சொன்னாங்க? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

"பரவிடுச்சாம். அடுத்த கோடைக்குக் கடலுக்குப் போகலாமான்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

கடைக்காரர் டேப்போடு திரும்பி வந்தார்.

"பத்து வருஷத் துணியையே வெட்டுங்க. நீலம்" என்றேன்.

"எதுக்கு வீணா?" என்றார் என் கணவர்.

"நீங்க ஒரு முடிவோட வந்தா நானும் தலையாட்டணுமா?"

உறை தைத்து வந்த அன்று ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் இழுத்தேன். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தபடி எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அதிகாரம் செய்தார். கோடை வருவதற்குள் போய்விட்டார்.

படகை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். "ஜஸ்ட் செல் இட், அம்மா" என்கிறாள் மகள். அவள் சொல்வதில் தவறில்லை, எனக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும். போன வாரம் நல்ல மழை. விட்டதும் அவளும் நானும் துணியை விலக்கிப் பார்த்தோம். ஈரமில்லை, பூஞ்சணமில்லை. இருக்கையில் அவருடைய தொப்பி காய்ந்து கிடந்தது.

துணியை இழுத்து மறுபடி கட்டினேன்.

"வாரண்டி முடியட்டும்" என்றேன்.