அஞ்சடியில் என் ஒற்றைச் செருப்பு

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அலோர் ஸ்டாரில், ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் இருந்த தட்டச்சுக் கல்லூரியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இருபது டைப்ரைட்டர், இரண்டு ஆசிரியர்கள், தலையாட்டும் ஒரு காற்றாடி. காலையில் இருபது பேர், மாலையில் இருபது பேர். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் குறை கிடையாது; கட்டணமும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டும்.

ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நாடு முழுக்க உள்ள சிறிய கல்லூரிகளைத் தரம் பார்த்து வரிசைப்படுத்துகிறார்களாம். முதல்வர் வகுப்பில் இருந்தார். என்னைப் பேசச் சொன்னால் விடுவேனா?

"இங்க சிபாரிசு செல்லாதுங்க. என் சொந்த அக்கா மகளே வந்தாலும் வரிசைதான்!"

குறைந்த செலவில் நல்ல படிப்பு தரும் கல்லூரிகளின் பட்டியலில் எங்களுக்கு ஒன்பதாவது இடம். கீழே என் வசனம், எழுத்துக்கு எழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையைக் கட்டுக்கட்டாக வாங்கி, யான் என்ற ஊரிலிருந்து செர்டாங் வரை பஸ்ஸில் போய், கண்ணில் பட்ட தோட்டத்து மளிகைக் கடைகளிலெல்லாம் ஒட்டினேன். என்னை யாரும் ஒட்டச் சொல்லவில்லை.

செர்டாங் பக்கத் தோட்டத்தில்தான் அக்கா இருந்தாள். அவள் மகள் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலி. கல்லூரியில் சேர்ந்த கடிதத்தைக் காட்டினால் அவளுக்கென்று வைத்திருப்பதாகப் பெரிய கிராணி சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அடுத்த மாதமே அம்மாவோடு பால்மரம் சீவப் போக வேண்டும்.

"தம்பி, ஒரு எடம் பிடிச்சு வைடா."

"நம்ம காலேஜுக்கு யாருக்கா வரப்போறா? போன வருசம் நானே பசார்ல நின்னு ஆள் கூப்பிட்டேன் லா. அவசரமில்ல, பத்து மணிக்கு மேல வந்து சேருங்க."

சேர்க்கை நாளன்று ஏழு மணிக்குப் போனேன். மாடிப்படியில் தொடங்கி, கடைகளின் முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதை நெடுக, நகைக்கடை வரைக்கும் செருப்புகள். தோட்டத்துக் குழாயடியில் வாளி வைத்து இடம் பிடிக்கிற அதே பழக்கம். செருப்பை வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிவிட்டது.

அக்கம்பக்கம் பார்த்தேன். என் இடது செருப்பைக் கழற்றி, முப்பதாவதுக்குப் பக்கத்தில் மெல்லச் செருகினேன்.

"அண்ணே, அது யாருக்கு?" தூணோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்.

"சும்மா... காத்தாட கழட்டி வச்சேன்."

"பேப்பர்ல நீங்கதானே சொன்னீங்க, அக்கா மகளே வந்தாலும் வரிசைதான்னு? அத நம்பித்தாண்ணே யான்லேருந்து இருட்டோட கெளம்பி வந்தோம்."

அவர் மகளின் செருப்பு என் செருப்புக்கு அடுத்தது. அறுந்த வாரைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நான் என் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குள் நாற்பது சேர்க்கை அட்டைகளும் தீர்ந்தன. என் கையாலேயே கொடுத்தேன். கடைசி அட்டை போனதும் முதல்வரிடம் ஓடினேன்.

"சார், ஒரு நாற்காலி கூடுதலா போட்டா?"

"போடலாம். மெஷினுக்கு எங்க போறது?"

பத்தரைக்கு அக்கா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மகளோடு வந்து நின்றாள். அந்தப் பெண் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தாள். சான்றிதழ்களோடு நான் ஒட்டிய பத்திரிகைத் துண்டையும் கிழியாமல் பிய்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சா? நீ உள்ளதானடா இருக்க?" என்றாள் அக்கா.

நான் வெறும் கையை விரித்துக் காட்டினேன். மேலே டைப்ரைட்டர்கள் தட்டத் தொடங்கியிருந்தன. பெண் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையம் வரை கூடப் போனேன். அக்கா மகள் பஸ் படியில் கால் வைத்தபோது சொன்னேன்.

"அடுத்த வருசம் ஒனக்கு ஒரு எடம் நிச்சயம்மா. மாமா பொறுப்பு."

"அதையும் பேப்பர்ல போட்டுருங்க மாமா."